இரண்டு சாட்சிக்கும் ஒரே வாய்

ரவாங்
3 மார்ச் 1985

அன்புள்ள தம்பி மகாதேவா,

நாங்கள் சுகம். பொங்கலுக்கு உலு யாம் வருவதாகச் சொல்லிவிட்டு நீ வராமல் இருந்ததை அம்மா இன்னும் விடவில்லை. "கோல சிலாங்கூர் என்ன லண்டனிலா இருக்கு?" என்று போன ஞாயிறும் கேட்டா. உனக்காக நான்தான் வாதாடினேன். அதற்குப் பதிலாக நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும்.

என் இயந்திரம் முடிந்துவிட்டது! இந்தத் தொழிற்சாலைக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் படம் போட்டுக்கொண்டிருந்த என்னை நம்பி எங்கள் முதலாளி தவ்கே ஒப்படைத்த வேலை இது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை நீராவியில் அவிக்கும் பெரிய பாத்திரம். பெரியது என்றாலும் உங்கள் மில்லில் கிடப்பதுபோல ரயில் பெட்டி அளவு இல்லை, ஒரு லோரியில் ஏற்றிவிடலாம். சுங்கை ஆயர் தாவார் பக்கம் சொந்த நிலத்தில் செம்பனை போட்டிருப்பவர்கள் இனிமேல் குலையைப் பெரிய மில்லுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம்.

கதவுதான் என் பெருமை. மற்றவற்றில் கதவைச் சுற்றிலும் நட்டும் போல்ட்டும். கழற்றி மாட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். இதில் ஒரே ஒரு கைப்பிடி. அரைச் சுற்றுச் சுற்றினால் திறக்கும், மறுபடி சுற்றினால் மூடும்.

அந்தப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் வாங்க ஆசைப்படுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். இந்த வடிவமைப்பில் கை வைக்காத ஒருவர் வரைபடங்களைத் தனியாக இருந்து பார்த்து, குறை உண்டா இல்லையா என்று எழுதித் தர வேண்டுமாம். நான் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். நீ மில்லில் உதவி எஞ்சினியர், தினமும் நீராவியோடு மல்லுக்கட்டுகிறவன், எங்கள் தொழிற்சாலை ஆளும் இல்லை. வேறென்ன வேண்டும்? படங்கள் இதோடு வருகின்றன. ஆற அமர ஒரு முறை பார்த்துவிட்டுக் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

முதல் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க உங்கள் மேனேஜரே இடம் தருகிறார். உன் கண்முன்னாலேயே ஓடப்போகிறது!

உன் அக்கா
விமலா


தெலுக் மாவார் தோட்டம்
கோல சிலாங்கூர்
12 மார்ச் 1985

அன்பு அக்காவுக்கு,

கடிதமும் படங்களும் வந்தன. உடனே பதில் எழுதவில்லை என்று கோபிக்காதீர்கள். எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன்.

கதவு நல்ல வடிவு. உண்மையாகச் சொல்கிறேன். எங்கள் மில் ஆட்கள் பார்த்தால் துள்ளுவார்கள்.

ஆனால் நான் கையெழுத்துப் போடவில்லை அக்கா. படங்களைத் திருப்பி அனுப்புகிறேன்.

முதலாவது, நான் உங்கள் தம்பி. குறை சொன்னால் உங்களுக்கு வலிக்கும். சொல்லாவிட்டால் அம்மாவுக்குச் சந்தோஷம். அப்படி இருப்பவனுடைய கண் வெளிக்கண் ஆகுமா? சங்கத்தார் கேட்டது என்னைப் போன்ற ஆளை அல்ல. உங்களை முன்பின் தெரியாத யாரிடமாவது கொடுங்கள்.

இரண்டாவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கதவுக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார், கைப்பிடியில் கை வைக்கிறார் என்று வையுங்கள். உள்ளே நீராவி இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? போல்ட்டுக் கதவென்றால், ஒன்றைத் தளர்த்தும்போதே இடுக்கில் புகைந்து காட்டிக்கொடுக்கும். கை ஓய்கிறது என்று நீங்கள் சொல்லும் அந்த நேரம்தான் அவரைக் காப்பாற்றுகிற நேரம். உங்கள் கதவு ஒரே வீச்சில் திறக்கிறது.

எனக்குப் பார்க்கத் தெரியவில்லையோ என்னவோ. இதில் நான் பயப்பட ஒரு காரணமும் உண்டு. அதை இன்னொரு முறை எழுதுகிறேன்.

அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

தம்பி
மகாதேவா


ரவாங்
17 மார்ச் 1985

மகாதேவா,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தெரியட்டும். வாழ்நாள் முழுவதும் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிராணியாக இருந்து எத்தனையோ பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுஷன், "சொந்த அக்காவின் வேலையில் அவனுக்கு நம்பிக்கை இல்லையாமோ?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

உன் கேள்விக்குப் பதில் படத்திலேயே இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு சாட்சி வைத்திருக்கிறேன். நான்காம் தாளைப் பார்த்திருந்தால் உள்ளழுத்தம் காட்டும் மீட்டர் தெரிந்திருக்கும். நீராவியைத் திறந்துவிட்டதும் முள் இறங்கி ஸைபரில் நிற்கும். ஒன்பதாம் தாளில் நீராவி வெளியேறும் குழாய். அது சீறிக்கொண்டே இருந்து, உள்ளே காலியானதும் அடங்கும். கண்ணுக்கு ஒரு சாட்சி, காதுக்கு ஒரு சாட்சி. இதற்கு மேல் என்ன வேண்டும்? மூக்குக்கும் ஒன்று வைக்கவா?

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். உலு யாம் ஆற்றில் எல்லாப் பிள்ளைகளும் குதிக்கும்போது நீ மட்டும் கரையில் நின்று "ஆழம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அந்தப் பயத்தை என் வேலையின் மேல் ஏற்றாதே. ஒரு பெண் போட்ட படம் என்று தவ்கே வீட்டு ஆட்களே முணுமுணுக்கிறார்கள். அது உனக்குத் தெரியாதா?

எங்கள் ஃபோர்மன் அப்பளசாமி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். படச் சுருளைப் பிரிக்கக்கூட இல்லை. "விமலா மேடம் போட்ட படத்துல நான் என்னாத்த பார்க்கிறது லா" என்று சிரித்தார். வெளியாளிடம் இருக்கும் நம்பிக்கை உன்னிடம் இல்லை.

அடுத்த மாதம் இயந்திரம் வரும். ஓட்டிப் பார்த்து வாயை மூடு.

விமலாதேவி


தெலுக் மாவார் தோட்டம்
21 ஏப்ரல் 1985

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் பதில் போடாவிட்டாலும் எழுதத்தான் வேண்டும். ஆபீஸ் போன் மேனேஜர் மேசையில் இருக்கிறது. அதில் இதைக் கதைக்க முடியாது.

இயந்திரம் வந்து, மில்லின் பின்பக்கக் கொட்டகையில் நிற்கிறது. ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது. நாராயணசாமி என்பவர்தான் ஓட்டுகிறார். குலை அவிக்கும் எங்கள் பழைய ஸ்டெரிலைசரில் பல வருஷம் நின்ற ஆள். புஷ்பவள்ளி குலைகளை உள்ளே தள்ளி, வெந்ததை வெளியே இழுக்கிறா. இரண்டு பேருக்கும் உங்கள் கைப்பிடி மேல் காதல். "பச்சப் புள்ளகூட தொறந்துரும் சார்" என்கிறார் நாராயணசாமி. அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் அந்தக் கதவைத்தான் பார்க்கிறேன்.

என் பயத்துக்குக் காரணத்தைச் சொல்கிறேன். இங்கே வருவதற்கு முன்னால் நான் பேராவில் ஒரு மில்லில் இருந்தேன் அல்லவா? அங்கே ரெங்கசாமி என்று ஒருவர். உள்ளே நீராவி இருப்பது தெரியாமல் கதவைத் திறந்தார். நான் மாடிப் படியில் நின்றுகொண்டிருந்தேன். சத்தம் கேட்டது, பிறகு வெள்ளையாக ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை கலைந்தபோது அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். "ஒண்ணுமில்ல சார், சட்டை நனைஞ்சிருச்சு" என்றார். பக்கத்தில் இருந்தவன் சட்டையைக் கழற்றப் போனான். தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் தூரத்திலிருந்தே "கழட்டாதே! கழட்டாதே!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். ஆஸ்பத்திரி லோரியில் ஏற்றும்வரைக்கும் ரெங்கசாமி என்னோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் போய்விட்டார். வீட்டில் யாருக்கும் இதைச் சொன்னதில்லை.

இப்போது கவனமாகப் படியுங்கள். உங்கள் இரண்டு சாட்சியையும் நான் இயந்திரத்தில் தேடினேன். பாத்திரத்தின் தலையிலிருந்து ஒரே ஒரு கட்டைக் குழாய் புறப்படுகிறது. சாண் உயரம் வந்து கவட்டைபோலப் பிரிகிறது. ஒரு கிளை மீட்டருக்குப் போகிறது, மற்றது நீராவியை வெளியே விடுகிறது. நான்காம் தாளில் ஒரு கிளைதான் இருக்கிறது, ஒன்பதாம் தாளில் மற்றக் கிளை. இரண்டும் சேர்கிற இடம் எந்தத் தாளிலும் முழுதாக இல்லை. அதனால்தான் எனக்கும் அன்றைக்குப் புலப்படவில்லை.

இரண்டு சாட்சிக்கும் ஒரே வாய் அக்கா. பழத்து நாரும் எண்ணெயும் சேர்ந்து அந்த வாயை உள்ளேயிருந்து அடைத்துக்கொண்டால்? அடைப்புக்கு வெளியே இருக்கும் கொஞ்ச நீராவி ஓடிவிடும். சீறல் அடங்கும். முள்ளும் இறங்கி ஸைபரில் நிற்கும். இரண்டு சாட்சியும் "காலி" என்று சொல்லும்போது பாத்திரம் நிறைய நீராவி இருக்கும். நாராயணசாமி ஒரு கையால் திறப்பார்.

மேனேஜரிடம் நிறுத்தச் சொன்னேன். "கையெழுத்தான படம், அவர்கள் இயந்திரம், உனக்கென்ன?" என்கிறார். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நானே போய் நிற்கிறேன், புஷ்பவள்ளியைத் தள்ளி நிற்க வைக்கிறேன், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன். ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். நான் அங்கே நிற்பதால் நீராவி வராமல் இருந்துவிடுமா? ஆனாலும் அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மகாதேவா


ரவாங்
28 ஏப்ரல் 1985

மகாதேவா,

படித்தேன்.

அந்தக் கட்டைக் குழாய் உன் மணிக்கட்டு அளவு. நார் அதை அடைக்காது. பாத்திரத்தில் ஓட்டைகள் குறைவாக இருந்தால் பலம் கூடும் என்றுதான் ஒரே வாயாக வைத்தேன். அது தெரியாமல் செய்த வேலை அல்ல.

மே 18 சனிக்கிழமை சங்கத்தார் உங்கள் மில்லுக்கே வந்து பார்க்கப்போகிறார்கள். தவ்கேயும் நானும் வருவோம். அதுவரைக்கும் மேனேஜரிடம் வேறெதுவும் போய்ச் சொல்லாதே.

ரெங்கசாமியைப் பற்றி நீ எங்களிடம் சொல்லியிருக்கலாம்.

விமலா

பி.கு. நேற்று நான்காம் தாளையும் ஒன்பதாம் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பளசாமி வந்ததும் ஏனோ சுருட்டி வைத்துவிட்டேன். அந்த வாயைக் கழுவுகிறீர்களா? உள்ளே எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுது.


தெலுக் மாவார் தோட்டம்
6 மே 1985

அன்பு அக்காவுக்கு,

நேற்று ஞாயிறு, இயந்திரம் ஆறிக் கிடந்தது. நானும் நாராயணசாமியும் கட்டைக் குழாயைக் கழற்றினோம். அவர் விரலை விட்டுப் பார்த்தார். "சார், இங்க பாய் போட்டு வச்சிருக்கு" என்றார்.

வாயைச் சுற்றி நார் பின்னிப் பின்னி, எண்ணெயில் ஊறி, வெந்து, தென்னைநார் மிதியடிபோலக் கெட்டியாகி இருந்தது. நடுவில் மட்டும் ஒரு துளை. அந்தத் துளையில் என் சுட்டுவிரல்கூடப் போகவில்லை. ஓடத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை அக்கா.

நாராயணசாமி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்படின்னா மீட்டரு பொய் சொல்லும்ங்கிறீங்க" என்றார். ஓம் என்றேன். "சத்தமும்?" அதற்கும் ஓம் என்றேன். அவர் கதவைப் பார்த்த பார்வை அதற்குப் பிறகு வேறாகிவிட்டது.

ஒரு துண்டைத் தாளில் சுற்றி இதோடு அனுப்புகிறேன். நிறுத்தச் சொல்லி நான் சொன்னால் இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் சொன்னால் கேட்டாக வேண்டும். தயவுசெய்து சொல்லுங்கள்.

மகாதேவா


ரவாங்
13 மே 1985

தம்பி,

பார்சல் வந்தது. எண்ணெய் தாளையெல்லாம் கடந்து என் மேசைவரைக்கும் கசிந்துவிட்டது. பிரித்துப் பார்த்ததிலிருந்து கையில் அந்த மணம் போகவில்லை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை.

தவ்கேயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "உன் தம்பிக்கும் உனக்கும் முதலிலிருந்தே சண்டை. குடும்பச் சண்டையை என் தொழிற்சாலைக்குள் கொண்டுவராதே" என்றார். "ஒரு வெளியாள் சரி என்று எழுதித் தந்திருக்கிறாரே" என்றும் சொன்னார். வெளியாள்! அப்பளசாமி எனக்குக் கீழே வேலை செய்கிறவர். அவரை நான்தானே வெளியாள் என்று எழுதிக் கொடுத்தேன்.

18ஆம் தேதி கழிந்ததும் இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கலாமாம்.

மில்லுக்குப் போன் போட்டேன். கிராணி எடுத்து, நீ வெளியே இருக்கிறாய் என்றார். மறுபடியும் போட்டேன், மேனேஜர் எடுத்தார், வைத்துவிட்டேன். என்ன சொல்வேன்? நான் செய்த இயந்திரத்தை நம்பாதீர்கள் என்றா?

கண்ணை மூடினால் கதவு திறக்கிறது. கைப்பிடியை அவ்வளவு இலேசாகச் செய்ய எத்தனை பாடுபட்டேன் தெரியுமா? உள்ளே நீராவி முழுதாக இருந்தாலும் திரும்பும். அதை நானே கணக்குப் போட்டுத் திரும்ப வைத்தேன்.

இந்தக் கடிதத்தை எங்கள் லோரி டிரைவர் நல்லசாமியிடம் கொடுத்து அனுப்புகிறேன், தபாலைவிட முந்தி வரும். தினமும் அந்த வாயைக் கழுவு. நாராயணசாமியைக் கதவுக்கு நேரே நிற்க விடாதே. நீயும் நிற்காதே. நான் வருகிறேன்.

அக்கா


உலு யாம்
19 மே 1985

அன்புள்ள தம்பி,

நேற்று உன்னைப் பார்க்காமலே வந்துவிட்டேன். நீ இல்லாததைக் கண்டதும் எனக்குப் பாதி உயிர் போயிற்று. ஏதோ சாமான் எடுத்துவர உன்னைக் காலையிலேயே கிள்ளானுக்கு அனுப்பிவிட்டதாக மேனேஜர் சிரித்துக்கொண்டு சொன்னார். "உங்கள் தம்பி இருந்தால் வந்தவர்களையும் பயமுறுத்திவிடுவார்." அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு இங்கே பயப்பட என்னைத் தவிர ஆளில்லை என்று.

நடந்ததை நீ என் வாயால் கேட்க வேண்டும். வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் மறந்துவிடு.

சங்கத்தார் கொட்டகையில் வரிசையாக நின்றார்கள். குலைகள் வெந்தன. நீராவியைத் திறந்துவிட்டார்கள், சீறியது, அடங்கியது. முள் ஸைபரில் நின்றது. எல்லாம் ஒழுங்கு. நாராயணசாமி கைப்பிடிக்குப் பக்கத்தில் போகாமல் என்னையே பார்த்தார். மேனேஜர் "புக்கா, புக்கா" என்று மலாயில் திறக்கச் சொல்லி அவசரப்படுத்தினார். தவ்கேக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. "விமலா, நீயே திற. உன் கையால் திறந்து காட்டு" என்றார்.

போனேன். கைப்பிடியைப் பிடித்தேன். சூடாக இருந்தது. தம்பி, நான் இத்தனை மாதம் அந்தக் கதவை வெளியே நின்று பார்த்திருக்கிறேன், தாளில் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால், அதன் வாய்க்கு நேராக, நான் நின்றதே இல்லை. உன் கேள்வியை அப்போதுதான் நான் கேட்டேன். உள்ளே இருக்கிறதா, இல்லையா? முள்ளைப் பார்த்தேன். காது கொடுத்தேன். இரண்டையும் நம்ப முடியவில்லை. கேட்க வேறு யாரும் இல்லை.

கையை எடுத்துவிட்டேன். "திறக்க முடியாது" என்றேன்.

"பழுதா?" என்று சங்கத்து அதிகாரி கேட்டார்.

"தெரியாது."

"மீட்டர் ஸைபரில்தானே இருக்கிறது?"

"அந்த மீட்டரை நம்ப முடியாது."

"யார் வடிவமைத்தது?"

"நான்தான்."

பாய்லரிலிருந்து வரும் நீராவியை மூடச் சொன்னேன். எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். தானாக ஆறட்டும் என்றேன். முதலில் நகர்ந்தது புஷ்பவள்ளி. பிறகு நாராயணசாமி. அவர்கள் போனதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போனார்கள்.

சங்கத்தார் தேநீர் குடித்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். பாத்திரம் சாயங்காலம்வரை ஆறியது. இனி ஒன்றும் இருக்க முடியாது என்றான பிறகு நானே திறந்தேன். பிறகு ஏணி போட்டு ஏறிக் கட்டைக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். வாய் சுத்தமாக இருந்தது. துடைத்து வைத்ததுபோல இருந்தது.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அவர்கள் எல்லோரையும் ஒன்றுமில்லாததற்கு வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். தவ்கேயின் காரில் திரும்பினேன். ரவாங்கில் இறக்கிவிடும்போதுதான் சொன்னார்: "திங்கட்கிழமையிலிருந்து கேட் படம் போடு."

அம்மாவிடம் வந்துவிட்டேன். அப்பா அறையிலிருந்து வெளியே வரவில்லை. நீ பிழையாகச் சொன்னாயா, நான் பிழையாகச் செய்தேனா, ஒன்றும் விளங்கவில்லை. திறந்திருந்தால் நல்லபடியாகவே முடிந்திருக்கும். அதையும் தாங்க முடியவில்லை.

விமலா


தெலுக் மாவார் தோட்டம்
26 மே 1985

அன்பு அக்காவுக்கு,

அந்த வாய் சுத்தமாக இருந்ததற்குக் காரணம் நான். நீங்கள் எழுதியபடி தினமும் கழுவத்தான் பார்த்தேன், மேனேஜர் விடவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்த பிறகு ஆட்கள் போனதும் யாருக்கும் சொல்லாமல் ஏறிச் சுரண்டிவிட்டேன். மறுநாள் அதற்குப் பக்கத்தில் நீங்கள் நிற்பீர்கள் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. காலையில் உங்களிடம் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் கிள்ளானுக்கு ஏற்றிவிட்டார்கள்.

உள்ளே என்ன வந்திருந்தது தெரியுமா? ஆறி இறுகியதில் போன முறை இருந்த துளைகூட மூடிவிட்டது.

அதை ஒரு டப்பாவில் வைத்திருந்தால் இன்றைக்குத் தவ்கேயின் முகத்துக்கு முன்னால் நீட்டியிருக்கலாம். எண்ணெய்க் கழிவோடு சேர்த்து வீசிவிட்டேன். உங்களைக் காப்பாற்றப் போய் உங்களைப் பொய்யாக்கிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

இயந்திரத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மேனேஜர் சொல்லவில்லை, நாராயணசாமிதான் தொடமாட்டேன் என்றுவிட்டார். "செஞ்ச அம்மாவே தொடல, நான் தொடணுமா?" என்று கேட்டாராம். புஷ்பவள்ளி என்னிடம் வந்து, "ஒங்க அக்கா கைய எடுத்தப்பதான் சார் எனக்கு மூச்சு வந்துச்சு" என்றா.

நீங்கள் எனக்குச் சொன்னதுபோல நானும் ஒன்று சொல்கிறேன்: ஆற அமர ஒரு முறை பாருங்கள். இப்போது அப்பளசாமியும் வேண்டாம், நானும் வேண்டாம், நம்மைத் தெரியாத ஒருவர் பார்க்கட்டும்.

தம்பி
மகாதேவா


ரவாங்
11 ஆகஸ்ட் 1985

அன்புள்ள தம்பி,

கேட் படம் போட்டுக்கொண்டே உனக்கு எழுதுகிறேன். இது கடைசிக் கேட்டாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு கோலாலம்பூர் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் விசாரித்தேன். ஹாஷிம் என்று ஒரு விரிவுரையாளர். என்னைத் தெரியாது, தவ்கேயைத் தெரியாது, இப்படியொரு இயந்திரம் இருப்பதும் தெரியாது. எல்லாத் தாளையும் கொடுத்து, பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். உன் பயத்தைப் பற்றியும் என் சனிக்கிழமையைப் பற்றியும் மூச்சு விடவில்லை.

பதில் வர நாளாயிற்று. தபால் உறையைப் பிரிக்கக் கை வரவில்லை, அப்பளசாமியைப் பிரிக்கச் சொன்னேன். முதல் வரியிலேயே நான்காம் தாளும் ஒன்பதாம் தாளும். அதோடு விடவில்லை. கீல் பிழை, உள்ளே தண்ணீர் தேங்கும் இடம் பிழை, நான் கனவிலும் நினைக்காத இடத்திலெல்லாம் கேள்வி. வாசிக்க வாசிக்க அப்பளசாமியின் முகம் வெளுத்துவிட்டது. "நான் இதுலயா மேடம் கையெழுத்து போட்டேன்?" என்றார். அன்றைக்கு அவர் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

தவ்கேயின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் இரண்டு தரம் படித்தார். "இந்த ஆளுக்கு உன்மேல் கோபமா?" என்று கேட்டார். அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது என்றேன். பிறகு "அன்றைக்கு நான் உன்னைத் திறக்கச் சொன்னேன்" என்றார். எழுந்துபோய்ச் சங்கத்துக்கு அவரே போன் போட்டார்.

இப்போது மீட்டருக்கு ஒரு வாய், வெளியேற்றும் குழாய்க்கு வேறு வாய். கதவின் அடியில் மூன்றாவதாக ஒரு சின்ன வாயும் வைத்திருக்கிறேன். தரையைப் பார்த்தபடி இருக்கும். கைப்பிடி அதனோடு பூட்டியிருக்கிறது. அந்தச் சின்ன வாயைத் திறக்காமல் கதவு அசையாது. அதுவும் அடைத்துக்கொள்ளாதா என்று ஹாஷிம் திருப்பிக் கேட்டார். திறக்கும்போதே ஒரு கம்பி உள்ளே போய்க் குத்திவிட்டு வருகிற மாதிரி மாற்றினேன். மறுபடி அனுப்பினேன். மறுபடி கேட்டார். மறுபடி மாற்றினேன். இதற்கு முடிவே இல்லையா என்று ஒரு நாள் அழுதேன். ஆனால் முன்புபோல் கண்ணை மூடினால் அந்தக் கதவு வருவதில்லை. சில நாட்கள் வருகிறது.

அடுத்த மாதம் பழையதை எடுத்துக்கொண்டு புதியதை அனுப்புவார்கள். நாராயணசாமி தொடுவாரா?

அக்கா


தெலுக் மாவார் தோட்டம்
24 நவம்பர் 1985

அன்பு அக்காவுக்கு,

முதலில் ஒன்று: எல்லோரும் சுகம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைப் படித்த பிறகு மிச்சத்தைப் படியுங்கள்.

புது இயந்திரம் வந்ததிலிருந்து நன்றாகத்தான் ஓடியது. இந்த மாதம் ஓயாத மழை. குலைகள் சேறும் சகதியுமாக வருகின்றன, நாரும் அதிகம். மேல் வாய்களைக் கழுவ வைத்திருக்கும் ஆளுக்குக் காய்ச்சல், அந்த வாரம் யாரும் ஏறிக் கழுவவில்லை. எனக்கும் தெரியாமல் போயிற்று. நேற்று மதியம் நானும் கொட்டகையில்தான் இருந்தேன். நாராயணசாமி நீராவியைத் திறந்துவிட்டார். சீறியது, அடங்கியது. முள் ஸைபர். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை அக்கா. இத்தனை நாள் நல்லபடியாக ஓடி ஓடி, நானே பயத்தை மறந்திருந்தேன். புஷ்பவள்ளி இழுவைக் கம்பியோடு கதவுக்கு நேரே வந்து நின்றுவிட்டா. நானும் தள்ளி நில் என்று சொல்லவில்லை.

நாராயணசாமி அந்தச் சின்ன வாயைத் திறந்தார். கம்பி உள்ளே போயிற்று.

நான் பேராவில் கேட்ட அதே சத்தம். வெள்ளையாகத் தரையில் அடித்துச் சுழன்று கொட்டகையை மறைத்துவிட்டது. புஷ்பவள்ளி எங்கே என்று தெரியவில்லை, கத்தினேன், என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கலைந்தபோது கதவு மூடியபடிதான் இருந்தது. நாராயணசாமி சுவரோடு ஒட்டி நின்றார். புஷ்பவள்ளி கம்பியைப் போட்டுவிட்டு வாசல் வரைக்கும் ஓடியிருந்தா. செருப்பு ஒன்று உள்ளே கிடந்தது.

அந்தச் சின்ன வாய் வெகுநேரம் சீறிக்கொண்டிருந்தது. அவ்வளவு நீராவி உள்ளே இருந்திருக்கிறது, மீட்டர் ஸைபரில் இருக்க. மூன்று பேரும் மழையில் நனைந்தபடி வெளியே நின்றோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு ஆறவிட்டுக் கழற்றினால், மேலே இரண்டு வாயும் அடைத்துக் கிடக்கின்றன, இரண்டும். மீட்டர் குழாயில் சிக்கிய கொஞ்ச நீராவி ஆறி முள்ளை இறக்கியிருக்கிறது.

ஹாஷிமுக்கும் எழுதுங்கள். அவர் தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்கு நான் மேனேஜரிடம் போகிறேன். கழுவுவதற்கு ஆள் வராவிட்டால் இயந்திரம் ஓடக்கூடாது என்று சொல்லப்போகிறேன். கேட்காவிட்டால் அவரையே கதவுக்கு நேரே வந்து நிற்கச் சொல்வேன்.

வேலை முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். நாராயணசாமி சைக்கிளில் ஏறவில்லை, தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் தள்ளிக்கொண்டே போனார். கொஞ்ச தூரம் போய் நின்று, திரும்பி வந்தார். அந்தச் சின்ன வாயை வைத்தது உங்கள் அக்காவா என்று கேட்டார். ஓம் என்றேன். மழையில் நின்றபடியே, "எழுதுங்க சார். நாராயணசாமி முழுசா வீட்டுக்கு நடந்து போறான்னு அவங்களுக்கு எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன்.

தம்பி
மகாதேவா